பழைய தரவுத்தளக் கோப்புகளை அடையாளங்காணலும் திறத்தலும்: சி.டி.எஸ்./ஐசிஸ் நூற்பட்டியல்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1980களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்திய நூலகங்களும் ஆவண மையங்களும் தம் நூற்பட்டியல்களைத் தனியாள் கணினியின் தரவுத்தளக் கோப்புகளாக உருவாக்கின. அவற்றுள் யுனெஸ்கோ வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருளின் கோப்புகளும் டிபேஸ் மரபைச் சார்ந்த கோப்புகளும் குறிப்பிடத்தக்கவை. பெயரும் விளக்கமும் இன்றி எஞ்சியுள்ள இத்தகைய கோப்புகளை எவ்வாறு இனங்கண்டு திறப்பது என்பதை அவற்றின் தோற்ற வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கோப்பின் கட்டமைப்பு வெளியிடப்பட்டிருப்பதால் அது இன்றும் வாசிக்கத்தக்கதாக உள்ளது. அதற்குள் உள்ள தமிழ் எழுத்துகளின் குறியேற்றம் பதிந்துவைக்கப்படாமையால் உண்மையான இழப்பு அங்கேயே நிகழ்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரவுத்தளக் கோப்பு, சி.டி.எஸ்./ஐசிஸ், டிபேஸ், நூற்பட்டியல், தமிழ்க் குறியேற்றம், மூலபாட ஆய்வு.

1. முன்னுரை

ஓலைச்சுவடியைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் முதலில் அதன் எழுத்தமைதியைக் காண்கிறார். பின்னர் ஏடுகளின் வரிசையைச் சரிபார்க்கிறார். அதன் பின்னரே பாடத்தை வாசிக்கத் தொடங்குகிறார். பழைய நெகிழ்வட்டு ஒன்றிலிருந்து கிடைக்கும் தரவுத்தளக் கோப்பை அணுகும் முறையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. ஆயினும் நடைமுறையில் அது கணினி வல்லுநரின் வேலையாக ஒதுக்கப்படுகிறது. வல்லுநர் ஏதேனும் ஒரு மாற்றுநிரலைக் கொண்டு அட்டவணை ஒன்றை உருவாக்கித் தருகிறார். ஆய்வாளர் அந்த அட்டவணையையே மூலமாகக் கொள்கிறார். இடையில் எவை விடுபட்டன, எவை திரிந்தன என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை.

இது சிறு செய்தியன்று. நூற்பட்டியல் கணினிக்கு மாற்றப்பட்டபின் அட்டைப் பட்டியலை அகற்றிவிட்ட நூலகத்தில், ஒரு நூல் இருந்தமைக்கான ஒரே சான்று அக்கணினிப் பதிவாக இருக்கக்கூடும். நூல் சிதைந்தோ தொலைந்தோ போயிருப்பின், அதன் பதிப்பாளர், பதிப்பாண்டு, நன்கொடையாளர் ஆகிய செய்திகள் அப்பதிவில் மட்டுமே எஞ்சும். எனவே இத்தகைய கோப்பு, நூலக நிருவாகத்தின் கருவியாக இருந்த நிலையிலிருந்து நூல் வரலாற்றின் முதன்மைச் சான்று என்னும் நிலையை அடைகிறது. முதன்மைச் சான்றுக்குரிய திறனாய்வு முறைகள் அதற்கும் பொருந்தும்.

2. இரு மரபுகளின் தோற்றம்

ஒரு கோப்பை அடையாளங்காண, அது எந்த மரபில் பிறந்தது என்பதை அறிதல் முதற்படி. இந்திய நிறுவனங்களில் பரவலாக வழங்கிய இரு மரபுகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது டிபேஸ் மரபு. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வெய்ன் ராட்லிஃப், அங்குப் பெருங்கணினியில் வழங்கிய ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். என்னும் மென்பொருளைப் பின்பற்றி, 1978இல் நுண்கணினிக்கென ஒரு தரவுத்தள நிரலை எழுதத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் வல்கன். ஆஷ்டன்-டேட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அதனை டிபேஸ் 2 என்னும் பெயரில் விற்றது. டிபேஸ் 1 என ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை. 1984இல் டிபேஸ் 3, 1988இல் டிபேஸ் 4 வெளிவந்தன. கிளிப்பர், ஃபாக்ஸ்பேஸ், ஃபாக்ஸ்புரோ முதலிய போட்டி மென்பொருள்களும் அதே கோப்பு வடிவத்தைக் கையாண்டன. ஆஷ்டன்-டேட் 1988இல் ஃபாக்ஸ் மென்பொருள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். மரபிலிருந்து வந்ததைப் பதிப்புரிமைப் பதிவின்போது தெரிவிக்கவில்லை என்பதால் அவ்வுரிமை செல்லாது என 1990 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்து, 1991இல் அத்தீர்ப்பைத் தாமே விலக்கிக்கொண்டார். அவ்வாண்டிலேயே போர்லண்ட் நிறுவனம் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. வணிகப் பூசல்கள் எவ்வாறு முடிந்தபோதிலும், பலர் கையாண்ட வடிவம் என்பதால் டி.பி.எஃப். கோப்பின் அமைப்பு பொதுச்சொத்தாகவே நிலைத்தது. நிலப்படத் தரவுக்கான ஷேப் கோப்புகளில் பண்புத் தரவு இன்றும் இவ்வடிவத்திலேயே வைக்கப்படுகிறது.

இரண்டாவது ஐசிஸ் மரபு. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1960களின் பிற்பகுதியில் தன் ஆவணப் பணிக்கென ஐ.பி.எம். பெருங்கணினியில் ஐசிஸ் என்னும் நிரல்தொகுதியை உருவாக்கியது. யுனெஸ்கோ தன்னிடமிருந்த சி.டி.எஸ். என்னும் ஆவணவாக்க முறைமையோடு அதனை இணைத்தமையால் சி.டி.எஸ்./ஐசிஸ் என்னும் இரட்டைப் பெயர் அமைந்தது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் இதே கிளையிலிருந்து மினிசிஸ் என்னும் மென்பொருளை உருவாக்கியது. யுனெஸ்கோவில் ஜியாம்பாவ்லோ டெல் பிஜியோ உருவாக்கிய தனியாள் கணினிப் பதிப்பு 1985 டிசம்பரில் வெளிவந்தது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு அது கட்டணமின்றி வழங்கப்பட்டது. 1989இல் வெளிவந்த பதிப்பு 2.3இன் கையேடு, கோப்புகளின் உள்ளமைப்பைப் பைட் அளவில் விளக்கியது. 1990களின் பிற்பகுதியில் விண்டோஸ் பதிப்பான வின்ஐசிஸ் வந்தபோதும் கோப்பு அமைப்பு மாறவில்லை.

இந்தியாவில் இம்மென்பொருளைப் பரப்பும் பொறுப்பு 1977இல் தொடங்கப்பட்ட தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் முறைமையிடம் (நிசாட்) இருந்தது. வழங்குதல், பயிற்சியளித்தல் இரண்டையும் அவ்வமைப்பு மேற்கொண்டது. நூலகப் பணிகளுக்கென சி.டி.எஸ்./ஐசிஸ் மீது கட்டப்பட்ட சஞ்சய் என்னும் மென்பொருளும் அதன் ஆதரவில் உருவானதே. குறைந்த நிதியுடைய ஒரு நூலகம் எம்.எஸ்.-டாஸ் கணினி ஒன்றும் சில நெகிழ்வட்டுகளும் கொண்டு தன் பட்டியலைத் தானே உருவாக்க முடிந்தது. நூலகத்திற்கு நூலகம் புல எண்களும் பெயர்களும் வேறுபட்டிருப்பதற்கும் இத்தன்னாட்சியே காரணம்.

3. அடையாளங்காணல்: பின்னொட்டு, முத்திரை, உட்பொருத்தம்

கோப்பின் பெயர்ப் பின்னொட்டு ஒரு குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது. எவரும் அதனை மாற்றலாம். வேறு வேறு மென்பொருள்கள் ஒரே பின்னொட்டைக் கையாண்டிருக்கலாம். ஆகவே கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டே அதன் வகையைத் துணியும் முறை தோன்றியது. 1973இல் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் இடம்பெற்ற ‘ஃபைல்’ என்னும் கட்டளை இம்முறையின் தொடக்ககால வடிவம். கோப்பின் தொடக்கத்தில் உள்ள மாறாத பைட் வரிசையை முத்திரையாகக் கொண்டு அது வகையைக் கூறும். பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகம் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய புரோனம் பதிவேடும், அதனைப் பயன்படுத்தும் டிராய்டு என்னும் கருவியும் இக்கோட்பாட்டின் விரிவாக்கங்களே.

டி.பி.எஃப். கோப்புக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். அதன் முதல் பைட் பதிப்பைச் சுட்டும். மதிப்பு 3 எனின் குறிப்புரைக் கோப்பு இல்லாத டிபேஸ் 3 வகை. 131 எனின் குறிப்புரைக் கோப்புடன் கூடிய டிபேஸ் 3. 139 எனின் குறிப்புரையுடன் கூடிய டிபேஸ் 4. 245 எனின் குறிப்புரையுடன் கூடிய ஃபாக்ஸ்புரோ. 48 எனின் விசுவல் ஃபாக்ஸ்புரோ. ஆனால் ஒற்றை பைட்டை முத்திரையாகக் கொள்வது ஐயத்திற்கு இடமளிக்கும். எண்ணற்ற பிற கோப்புகளும் 3 என்னும் மதிப்புடன் தொடங்கலாம். எனவே உட்பொருத்தம் பார்த்தல் வேண்டும். அடுத்த மூன்று பைட்டுகள் கடைசியாகத் திருத்திய ஆண்டு, மாதம், நாள் ஆகியன. மாதம் 12ஐயும் நாள் 31ஐயும் கடந்தால் கோப்பு டிபேஸ் வகையன்று. அதனையடுத்துப் பதிவுகளின் எண்ணிக்கை, தலைப்பகுதியின் நீளம், ஒரு பதிவின் நீளம் ஆகியவை வரும். தலைப்பகுதியில் முதல் 32 பைட்டுகளுக்குப் பின் ஒவ்வொரு புலத்திற்கும் 32 பைட்டுகள் ஒதுக்கப்பட்டு, முடிவில் 13 என்னும் மதிப்பு நிற்கும். பன்னிரண்டு புலங்கள் உடைய டிபேஸ் 3 கோப்பின் தலைப்பகுதி பொதுவாக 417 பைட்டுகள் நீளமிருக்கும். பதிவு எண்ணிக்கையைப் பதிவின் நீளத்தால் பெருக்கித் தலைப்பகுதியைக் கூட்டினால், இறுதிக்குறியாகிய ஒரு பைட் நீங்கலாகக் கோப்பின் முழு நீளமும் கிடைக்க வேண்டும். இக்கணக்கு பொருந்தினால் அடையாளம் உறுதி. பொருந்தாவிடின் கோப்பு சிதைந்தது அல்லது வேறு வகையினது.

ஐசிஸ் கோப்புகளில் முத்திரை என ஒன்று இல்லை. எம்.எஸ்.டி. என்னும் பின்னொட்டுடைய முதன்மைக் கோப்பு நான்கு சுழிய பைட்டுகளுடன் தொடங்கும். சுழியத்தைக் கொண்டு எதனையும் துணிய இயலாது. ஆகவே இங்கு அடையாளம் ஒரு கோப்பில் இல்லை. பல கோப்புகளின் உறவில் உள்ளது. ஒரே பெயரில் எம்.எஸ்.டி., எக்ஸ்.ஆர்.எஃப்., எஃப்.டி.டி., எஃப்.எஸ்.டி., பி.எஃப்.டி. ஆகிய பின்னொட்டுகளுடன் கோப்புகள் சேர்ந்து காணப்படின் அது ஐசிஸ் தரவுத்தளம் எனக் கருதலாம். சி.என்.டி., என்01, எல்01, என்02, எல்02, ஐ.எஃப்.பி. ஆகிய ஆறும் சேர்ந்து அதன் சொல்லடைவாக அமையும். ‘பெரிய கோப்பு மட்டும் போதும்’ எனக் கருதி முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுப்பது நடைமுறையில் நிகழும் பெரும்பிழை. எஃப்.டி.டி. கோப்பு சில கிலோபைட்டுகளே இருக்கும். ஆனால் 24 என்னும் புல எண் தலைப்பைக் குறிப்பது, 70 ஆசிரியரைக் குறிப்பது என்னும் செய்தி அதில்தான் உள்ளது. இவ்விரு எண்களும் யுனெஸ்கோ மென்பொருளுடன் வழங்கிய மாதிரித் தரவுத்தளத்தில் உள்ளவை. ஒரு நூலகம் தன் விருப்பப்படி எண்களை அமைத்திருந்தால் எஃப்.டி.டி. இன்றி அவற்றின் பொருளை ஊகிக்கவே இயலும்.

4. ஐசிஸ் முதன்மைக் கோப்பின் அமைப்பு

டிபேஸ் பதிவு மாறா நீளமுடையது. ஒவ்வொரு புலத்திற்கும் முன்னரே இடம் ஒதுக்கப்படும். ஐசிஸ் பதிவு அவ்வாறன்று. நூலின் தலைப்பு எவ்வளவு நீளும், ஆசிரியர் எத்தனை பேர் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்க முடியாது என்னும் நூலகவியல் உண்மையை அதன் வடிவமைப்பு ஏற்றுக்கொண்டது. இவ்வகையில் அது, நூற்பட்டியல் பரிமாற்றத்திற்கான ஐ.எஸ்.ஓ. 2709 தரத்தின் அமைப்பை ஒத்தது.

எக்ஸ்.ஆர்.எஃப். கோப்பு 512 பைட் தொகுதிகளால் ஆனது. ஒவ்வொரு தொகுதியிலும் முதல் நான்கு பைட்டுகள் தொகுதி எண். அதனையடுத்து நான்கு பைட் அளவுள்ள 127 சுட்டுகள். இறுதித் தொகுதியின் எண் எதிர்க்குறியுடன் இருக்கும். 300ஆம் பதிவைக் காணவேண்டின், முதல் இரு தொகுதிகளில் 254 பதிவுகள் அடங்கிவிடுவதால், மூன்றாம் தொகுதியின் 46ஆம் சுட்டை நோக்க வேண்டும். சுட்டின் மதிப்பை 2048ஆல் வகுத்தால் வரும் ஈவு முதன்மைக் கோப்பின் தொகுதி எண். மீதியில் தொகுதிக்குள் பதிவு தொடங்கும் இடம் உள்ளது. சுட்டு 40,976 எனக் கொண்டால் ஈவு 20, மீதி 16. அதாவது 20ஆம் தொகுதியில் 16 பைட்டுகளைக் கடந்து பதிவு தொடங்குகிறது. மீதி 512ஐக் கடந்திருப்பின், புதிய பதிவு அல்லது திருத்திய பதிவு இன்னும் சொல்லடைவில் சேர்க்கப்படவில்லை என்பதற்கான குறி அதனுடன் கூட்டப்பட்டுள்ளது என்று பொருள்.

அவ்விடத்தில் தொடங்கும் பதிவின் தலைப்பகுதி 18 பைட்டுகள் நீளமுடையது. பதிவு எண், பதிவின் நீளம், முந்தைய வடிவத்தின் இருப்பிடம், தரவு தொடங்கும் இடம், புலங்களின் எண்ணிக்கை, பதிவின் நிலை ஆகியன அதில் முறையே அமைந்துள்ளன. பின்னர் ஒவ்வொரு புலத்திற்கும் ஆறு பைட் நீளமுள்ள குறிப்பு வரும்: புல எண், தொடங்கும் இடம், நீளம். பத்துப் புலங்கள் உள்ள பதிவில் தரவு 78ஆம் இடத்தில் தொடங்க வேண்டும். எண்களில் சிறுமதிப்புப் பைட் முதலில் நிற்கும் என்பதால் 300 என்னும் பதிவு எண் 44, 1, 0, 0 எனத் தோன்றும். உட்புலங்கள் கூரைக்குறியும் அதனைத் தொடரும் ஓர் எழுத்தும் கொண்டு பிரிக்கப்படுகின்றன.

இவ்வளவு அறிந்தால் மூல மென்பொருள் இன்றியே ஒரு சிறு நிரலைக் கொண்டு முதன்மைக் கோப்பை வாசிக்கலாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள பிரேமே நிறுவனம் உருவாக்கிய சிசிஸ் நிரல்தொகுதி இத்தகைய வாசிப்பை நெடுங்காலமாக எளிதாக்கி வந்துள்ளது. இது தற்செயலன்று, அமைப்பு கையேட்டில் வெளியிடப்பட்டமையின் நேரடி விளைவு. மென்பொருளின் ஆயுள் அதனை உருவாக்கிய நிறுவனத்தின் கையில் உள்ளது. கோப்பின் ஆயுளோ அதன் அமைப்பு விளக்கம் கிடைப்பதைச் சார்ந்துள்ளது.

5. நீக்கப்பட்டவற்றின் சான்றுத்தன்மை

இரு மரபுகளிலும் ‘நீக்கு’ என்னும் கட்டளை பதிவை உடனே அழிப்பதில்லை. டி.பி.எஃப். பதிவின் முதல் பைட் பொதுவாக வெற்றிடத்தைக் குறிக்கும் 32. நீக்கப்பட்ட பதிவில் அது உடுக்குறியைக் குறிக்கும் 42 ஆகிறது. கோப்பைச் சுருக்கும் கட்டளை இடப்படும்வரை பதிவு முழுமையாகவே இருக்கும். ஐசிஸ் பதிவில் நிலைக்குறி 0 என்பது 1 ஆக மாறும். சுட்டு எதிர்க்குறி பெறும். தரவு அப்படியே கிடக்கும்.

ஐசிஸ் அமைப்பில் இன்னொரு சிறப்பும் உண்டு. பதிவு திருத்தப்பட்டுப் புதிய வடிவம் கோப்பின் இறுதியில் எழுதப்படும்போது, பழைய வடிவம் தன் இடத்திலேயே எஞ்சுகிறது. சொல்லடைவு புதுப்பிக்கப்படும் வரை, புதிய வடிவத்தின் தலைப்பகுதி பழைய வடிவத்தின் இருப்பிடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்தபின் சுட்டு நீங்கினாலும், கோப்பு மறுசீரமைக்கப்படாத வரை பழைய பைட்டுகள் நீங்குவதில்லை. ஆகவே சுட்டுகளை மட்டும் பின்தொடராமல் முதன்மைக் கோப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை வரிசையாக வாசித்தால், ஒரே நூலுக்கு அடுத்தடுத்து எழுதப்பட்ட விவரிப்புகள் கிடைக்கக்கூடும். ஒரு நூலின் பொருள் தலைப்பு எவ்வாறு மாற்றப்பட்டது, ஆசிரியர் பெயர் எப்போது திருத்தப்பட்டது, எந்நூல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்பவை நூலக வரலாற்றுக்கு அரிய செய்திகள். பாடவேறுபாடு நோக்கும் பதிப்பாசிரியருக்கு இது பழகிய களமே.

பொதுவான மாற்றுநிரல்கள் நடப்பிலுள்ள பதிவுகளை மட்டுமே வெளிக்கொணரும். மாற்றத்திற்குப் பின் மூலக்கோப்பு கைவிடப்படுமாயின் இச்சான்றுகள் அனைத்தும் அதனுடன் மறையும். மறுபுறம், வாசகர் பெயர், இரவல் விவரம் முதலியவை நீக்கப்பட்ட பதிவுகளில் எஞ்சியிருக்கலாம் என்பதால், மீட்டெடுத்தவற்றை வெளியிடுவதில் அறநெறி சார்ந்த கட்டுப்பாடும் தேவை.

6. எழுத்துக் குறியேற்றம்: பதியப்படாத அடுக்கு

கட்டமைப்பைத் திறந்தபின் கிடைப்பவை எழுத்துகள் அல்ல. 0 முதல் 255 வரையுள்ள எண்கள். ஆங்கிலப் பதிவுகளில் இவ்வேறுபாடு உணரப்படுவதில்லை. தமிழ்ப் பதிவுகளிலோ முழுச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஐசிஸ், டிபேஸ் இரண்டும் பைட்டுகளை அவ்வாறே சேமித்தன. அவற்றில் உள்ள தமிழ்க் குறியேற்றம் எதுவென்று குறிக்கவில்லை. டாஸ் காலத்தில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை பொருத்திய கணினிகளில் இஸ்கி குறியேற்றத்தில் தமிழை உள்ளிட முடிந்தது. 1991இல் அது இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. விண்டோஸ் காலத்தில் எழுத்துருக்களே குறியேற்றமாகின. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி பரவியது. 1990களின் இறுதியில் இணையத் தமிழ் ஆர்வலர்களின் கலந்துரையாடலில் தகுதரம் எனப்படும் திஸ்கி உருவானது. சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் ’99 மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாம், டாப் ஆகிய இரு தரங்களை 1999இல் அறிவித்தது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், மேற்கூறிய மென்பொருள்கள் அதனைக் கையாளவில்லை. யுனெஸ்கோவின் பிற்கால ஜே-ஐசிஸ் மென்பொருளே அதனை ஏற்றது.

‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இதனை விளக்கலாம். இஸ்கியில் அது 194, 204, 219, 211, 232 என்னும் ஐந்து பைட்டுகள். திஸ்கியில் 190, 193, 162, 250 என்னும் நான்கு பைட்டுகள். ‘ழ்’ தனிக்குறி பெறுவதே இவ்வேறுபாட்டின் காரணம். பாமினியில் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து பைட்டுகள். இவை யாவும் ஆங்கில எழுத்துகளுக்கும் அரைப்புள்ளிக்கும் உரிய எண்கள். அதேபோல் 184 என்னும் ஒரே எண் திஸ்கியில் ‘க’, இஸ்கியில் ‘ச’. குறியேற்றத்தைத் தவறாகக் கொண்டால் வாசிக்கவியலாத குப்பை மட்டுமே கிடைக்கும் என்பதில்லை. சிற்சில இடங்களில் வாசிக்கத்தக்க, ஆனால் தவறான எழுத்தும் கிடைக்கும். பின்னதே பெருந்தீங்கு.

குறியேற்றத்தைத் துணிவதற்கு உள்ள அகச்சான்றுகள் சில:

முதலாவது, எழுத்து வரிசை. இஸ்கி ஒலிமுறையில் எழுதுவது. ‘கெ’ என்பதில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். திஸ்கி கண்ணுக்குத் தோன்றும் முறையில் எழுதுவது. கொம்பு முன் வரும். திஸ்கியில் ஒற்றைக்கொம்பின் எண் 166. இஸ்கியில் அதே எண் ‘இ’. சொல்லின் முதலில் அது வருவதைக் கொண்டு எதனையும் துணிய இயலாது. இரண்டிலும் அது இயல்பே. ஆனால் தமிழ்ச் சொல்லின் இடையில் ‘இ’ என்னும் உயிரெழுத்து வருவது அரிது. 166 சொல்லிடையில் மிகுதியாக வருமாயின் அது கொம்பே.

இரண்டாவது, புள்ளி. இஸ்கியில் 232 தனித்து நின்று எல்லா மெய்களுக்கும் புள்ளியாகும். எனவே மிக அடிக்கடி வரும். திஸ்கியில் ஒவ்வொரு மெய்க்கும் தனி எண் உண்டு. பாமினியில் அரைப்புள்ளியின் எண் அவ்விடத்தை வகிக்கும்.

மூன்றாவது, மென்பொருளின் துணைக்கோப்புகள். ஐசிஸ் அமைப்பில் எழுத்துகளாகக் கொள்ள வேண்டிய எண்களைப் பட்டியலிடும் கோப்பு ஒன்றும், சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக மாற்றும் அட்டவணைக் கோப்பு ஒன்றும் உண்டு. இவற்றை நிறுவனமே திருத்திக்கொள்ளலாம். 128க்கு மேற்பட்ட எந்தெந்த எண்கள் எழுத்துகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன என்பது, அந்நிறுவனம் கையாண்ட குறியேற்றத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இவை தரவுத்தளக் கோப்புறையில் அல்லாமல் மென்பொருளின் கோப்புறையில் இருந்ததால் படியெடுக்கும்போது எளிதில் விடுபடக்கூடியவை.

இதனுடன் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஐசிஸ் சொல்லடைவு, சொற்களைப் பேரெழுத்தாக்கிச் சேமிக்கும். பாமினியில் ‘த’ என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து. அதன் பேரெழுத்து ‘து’. ‘ம’ என்பதன் பேரெழுத்து ‘மு’. இயல்பான மாற்ற அட்டவணையுடன் உருவான சொல்லடைவில் ‘த’வும் ‘து’வும் ஒன்றாகிவிடும். முதன்மைக் கோப்பு சிதைந்த நிலையில் சொல்லடைவைக் கொண்டு பாடத்தை மீட்க முயல்வோர் இதனை மறக்கலாகாது. பாமினித் தரவை அரைப்புள்ளியால் பிரிக்கப்படும் பட்டியலாக ஏற்றுமதி செய்தாலும் ஒவ்வொரு புள்ளியிலும் நிரல் உடையும். அவ்வாறே டிபேஸ் கோப்பில் 40 பைட் ஒதுக்கப்பட்ட தலைப்புப் புலத்தை அதே நீளத்தில் யு.டி.எஃப்.-8 வடிவுக்கு மாற்றினால், ஒரு குறிக்கு மூன்று பைட்டாகப் பதின்மூன்று குறிகளே அடங்கும். எஞ்சியவை வெட்டுண்டு போகும்.

7. திறக்கும் நெறிமுறை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசைமுறை பெறப்படுகிறது. முதலில், எழுதுதடை இட்ட நிலையில் வட்டு முழுவதையும் படிமமாக எடுத்து, அதன் சரிபார்ப்புத்தொகையைக் குறித்தல் வேண்டும்; மூலத்தின்மேல் எவ்வகை வேலையும் செய்யலாகாது. அடுத்து, கோப்புகளைத் தனித்தனியே அன்றிக் குடும்பமாக இனங்காணல் வேண்டும். மூன்றாவதாக, முத்திரையைக் காட்டிலும் உட்பொருத்தக் கணக்கைக் கொண்டு அடையாளத்தை உறுதிப்படுத்தல் வேண்டும். நான்காவதாக, பைட்டுகளை மாற்றாமல் புலங்களை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். இந்நிலையில் ஐசிஸ் மென்பொருளின் ஏற்றுமதிக் கோப்பே கிடைத்திருப்பின், அது ஐ.எஸ்.ஓ. 2709 வடிவில் 80 எழுத்து வரிகளாக வெட்டப்பட்டு, தரக்குறிகளுக்கு மாறாக எண்குறியைப் புலமுடிவாகக் கொண்டிருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்ளல் நலம். ஐந்தாவதாகவே எழுத்து மாற்றம். மாற்றப்பட்ட பாடத்திற்கு அருகில் மூல எண்களும் இருத்தல் வேண்டும். இறுதியாக, அச்சிட்ட நூல் கைக்குக் கிட்டும் சில பதிவுகளை நூலின் முகப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டுக் குறியேற்றத் துணிபைச் சோதித்தல் வேண்டும்.

கட்டமைப்பு வாசிப்பையும் எழுத்து வாசிப்பையும் ஒரே படியில் செய்யும் கருவிகள் வசதியானவை. ஆனால் பிழை எப்படியில் நேர்ந்தது என்பதை அவை மறைத்துவிடும். இரண்டையும் பிரித்துவைப்பதே இந்நெறிமுறையின் சாரம்.

8. முடிவுரை

டிபேஸ், ஐசிஸ் ஆகிய இரண்டும் நோக்கத்திலும் வழங்கல் முறையிலும் வேறுபட்டவை. ஒன்று வணிகப்பொருள், மற்றொன்று பன்னாட்டு அமைப்பின் கொடை. எனினும் இரண்டின் கோப்புகளும் இன்று வாசிக்கத்தக்கனவாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே: அவற்றின் அமைப்பு வெளிப்படையாக அறியப்பட்டிருந்தது. தமிழ்ப் பதிவுகளின் குறியேற்றத்திற்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை, எந்த அட்டவணை என்பவை பதிவிட்டவரின் நினைவில் இருந்தன. அவர் ஓய்வு பெற்றபோது அவையும் அகன்றன. பெட்டியைத் திறக்கும் வழி நூலில் உள்ளது. உள்ளிருக்கும் ஓலையின் எழுத்தறிவு நூலில் இல்லை.

ஆகவே நூலகங்களும் ஆய்வு நிறுவனங்களும் செய்யத்தக்கவை இரண்டு. ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பட்டியல் கையில் இருப்பினும், மூலக்கோப்புக் குடும்பத்தையும் அக்கால எழுத்துருக்களையும் அட்டவணைக் கோப்புகளையும் அகற்றாமல் காத்தல் ஒன்று. பட்டியலை உருவாக்கிய பணியாளர்கள் இன்னும் நம்மிடையே உள்ளபோதே, அவர்கள் கையாண்ட எழுத்துருவையும் உள்ளீட்டு வழக்கங்களையும் கேட்டு ஒரு பக்க அளவிலேனும் எழுதிவைத்தல் மற்றொன்று. சுவடிக்குப் பதிப்புரை எவ்வளவு இன்றியமையாததோ, இக்கோப்புகளுக்கு அந்த ஒரு பக்கமும் அவ்வளவு இன்றியமையாதது.